ஒரு இழுப்புக்கு ஒரு கப்: பேப்பர் கப்பைத் தானே எடுத்துக் கொடுக்கும் பெட்டி செய்வது எப்படி

2017-ல் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். காத்திருக்கும் அறையின் மூலையில் தண்ணீர் கேன், பக்கத்தில் ஸ்டூலின் மேல் பாலித்தீன் உறையில் நீளமாக ஒரு அடுக்குப் பேப்பர் கப். உறையின் ஒரு முனையைக் கிழித்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எடுத்தார்கள்: கட்டைவிரலைக் கப்பின் வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களால் வெளியே பிடித்து, உருவினார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே வந்தது. வேண்டாததைத் திரும்ப அடுக்கின் மேல் செருகிவிட்டுப் போனார்கள். இருமிக்கொண்டிருந்தவர் செருகிய கப்பை அடுத்து வந்த பையன் எடுத்தான்.

சொம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடி என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். எச்சில் விஷயத்தில் அவ்வளவு கவனமான நாம், ஊரார் விரல் பட்ட கப்பில் வாய் வைத்துக் குடிக்கிறோம். குற்றம் எடுக்கிறவர் மீது இல்லை. அந்த உறையிலிருந்து வேறு எப்படியும் எடுக்க முடியாது. பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கை போகும்.

நான் சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கு டை போடுகிறவன். டை என்பது அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டவும் மடிப்புக்கோடு பதிக்கவும் பலகையில் தகடுகளைப் பதித்துச் செய்யும் அச்சு. பெட்டியின் அமைப்பு வரைவது, டம்மி (மாதிரிப் பெட்டி) செய்வது, கட்டிங் டை வளைப்பது என்று பத்தொன்பது வருஷமாக இதே வேலை. சின்ன வயதில் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியிருக்கிறோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில் அது. பொருளை எடுத்துக் கொடுக்கும் பெட்டி என்றால் எனக்கு இன்றைக்கும் தீப்பெட்டிதான் பாடம். தள்ளினால் திறக்கிறது, குச்சியின் மருந்துப் பக்கம் கை படுவதில்லை, உரசும் இடமும் பெட்டியிலேயே இருக்கிறது. அதே நினைப்போடு கப்புக்கு ஒரு பெட்டி செய்ய எனக்கு ஏழு டம்மி ஆனது. உங்களுக்கு இரண்டில் முடியட்டும் என்று எழுதுகிறேன்.

வேலைக்கு முன்னால் சட்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தடை இருக்கிறது. கப் தயாரிப்பாளர்கள் கொண்டுபோன வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. நான் சொல்லப்போகிற பெட்டி, பெங்களூரில் அலுவலகங்களுக்குக் கப் கொடுக்கும் ஒருவருக்காகச் செய்தது. உள்ளூரில் யாராவது கேட்டால், கப்பின் உள்ளே என்ன பூச்சு என்று எழுத்தில் வாங்கிய பிறகே அளவெடுக்க உட்காருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கப்பை அளக்கும் விதம்

'110 மில்லி கப்' என்று சொல்வதை வைத்துக்கொண்டு பெட்டி வரைய முடியாது. அது கொள்ளளவு மட்டும்தான். ஒரே 110 மில்லியை ஒருவர் குட்டையாக அகலமாகவும், இன்னொருவர் ஒல்லியாக உயரமாகவும் செய்கிறார். கப்பைக் கையில் வாங்கி வெர்னியர் (நுண்ணளவு எடுக்கும் கருவி) வைத்து ஐந்து அளவு எடுக்க வேண்டும். எனக்கு வந்த கப்புக்கு அவை இப்படி இருந்தன: உருட்டிய விளிம்போடு சேர்த்து வாயின் வெளி அகலம் 65 மி.மீ., விளிம்புக்குக் கீழே உடலின் அகலம் 61, அடி அகலம் 46, மொத்த உயரம் 60, விளிம்புச் சுருளின் தடிமன் 3.

ஆறாவது அளவு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான்: அடுக்கு இடைவெளி. ஒரு கப்புக்குள் இன்னொன்றைச் செருகினால், மேல் கப்பின் விளிம்பு கீழ்க் கப்பின் விளிம்பை விட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. பேப்பர் கப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள், அடித்தட்டு கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், சுற்றிலும் ஒரு பாவாடை மாதிரி விளிம்பு இறங்கியிருக்கும். மேல் கப்பின் அந்தப் பாவாடை, கீழ்க் கப்பின் அடித்தட்டில் போய் உட்காருகிறது. ஆகவே அடித்தட்டு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறதோ, ஏறக்குறைய அதுவே அடுக்கு இடைவெளி. இதை ஒரு ஜோடியை வைத்து அளக்காதீர்கள். 25 கப்பை அடுக்கி மொத்த உயரம் எடுத்து, ஒரு கப்பின் உயரத்தைக் கழித்து, 24-ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 228 வந்தது. 168-ஐ 24-ஆல் வகுத்தால் 7 மி.மீ.

இதையே வேறு வேறு நாளில் ஓட்டிய மூன்று லாட்டிலிருந்து (ஒரே ஓட்டத்தில் வந்த சரக்கு ஒரு லாட்) எடுங்கள். இடைவெளியில் 0.1 மி.மீ. வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 50 கப் அடுக்கில் அதுவே கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆகிவிடும். என் இரண்டாவது டம்மியில் பெட்டி மூடாமல் போனது இதனால்தான். மூடியை அழுத்தி மூடினார்கள், உள்ளே கப்புகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி, அப்புறம் பிரியவே இல்லை.

எந்தப் பக்கமாக எடுப்பது

படுக்கை வசத்தில் சாய்வாக வைத்து முன்பக்கம் ஜன்னல் கிழிக்கிற பெட்டி சுலபம். ஆனால் அதில் வாய் முன்பக்கம் பார்த்தால் விரல் உள்ளே போகும், அடி முன்பக்கம் பார்த்தால் இழுக்கும்போது அடுத்த கப்பும் கூடவே வரும். ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது செங்குத்தாகச் சுவரில் தொங்கும் பெட்டி: கப்புகள் வாய் மேலே பார்த்து அடுக்கி இருக்க வேண்டும், அடியிலிருந்து கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கடைசிக் கப்பின் அடிப்பாகம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். கை அங்கே மட்டும்தான் படும். அந்தக் கப்பின் வாய்க்குள் அதற்கு மேலே உள்ள கப் உட்கார்ந்திருப்பதால் தூசியும் போகாது. மேலே கடைசியாக இருக்கும் ஒரே ஒரு கப்பின் வாய்தான் திறந்திருக்கும். அதற்கு ஓட்டை இல்லாத மூடி போட்டுவிட்டால் போதும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் ஒரு தகரக் குவளையைத் தொட்டியோடு கட்டிவைத்து ஊரே குடித்துக்கொண்டிருந்த காலத்தில், பாஸ்டனைச் சேர்ந்த லாரன்ஸ் லூயெலன் என்பவர் காகிதக் கப்பையும் அதைத் தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கும் இயந்திரத்தையும் ஒன்றாகவே யோசித்தார். 1909-ல் கான்சஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. லூயெலனோடு சேர்ந்து ஹ்யூ மூர் நடத்திய கம்பெனி 'ஹெல்த் கப்' என்று விற்றதுதான் 1919-ல் 'டிக்ஸி கப்' ஆனது. கப் பிறந்தபோதே அதைக் கொடுக்கும் பெட்டியும் கூடவே பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாம்தான் நடுவில் கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை விட்டுவிட்டோம்.

கழுத்துத் தட்டும் நான்கு நாக்கும்

பெட்டியின் உயிர் இந்தப் பாகத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் இதைத் தூக்கி நிறுத்துவதற்குத்தான்.

கப்பு அடுக்கைத் தாங்குவது ஒரு அட்டைத் தட்டு. நடுவில் ஓட்டை. கப்பின் உடல் ஓட்டை வழியாகக் கீழே தொங்கும், உருட்டிய விளிம்பு தட்டில் மாட்டி நிற்கும். பிடித்து இழுத்தால் விளிம்பு தாண்டி வர வேண்டும், ஆனால் அடுத்த கப்பின் விளிம்பு தாண்டக் கூடாது. அதற்காக ஓட்டையின் ஓரத்தில் வளையக்கூடிய நாக்குகள் வைக்கிறோம்.

முதலில் நான் வட்ட ஓட்டை போட்டு, சுற்றிலும் எட்டு வெட்டு வெட்டிப் பூ இதழ் மாதிரி வைத்தேன். சில இதழ் விறைப்பாக நின்றது, சில தொங்கியது. காரணம் அட்டையின் நார்ப்போக்கு, அதாவது காகித இழைகள் ஓடும் திசை. இழையின் திசையில் நீண்டிருக்கும் இதழ் விறைப்பாக இருக்கும், குறுக்கே இருக்கும் இதழ் தளர்வாக இருக்கும். கப் ஒரு பக்கம் சரிந்து கோணலாக வந்தது. அப்புறம்தான் நாக்குகளை நான்கு மூலைக்கு மாற்றினேன். சதுரத் தட்டின் மூலைகள் நார்ப்போக்குக்கு 45 பாகையில் இருப்பதால் நான்கு நாக்கும் ஒரே விறைப்பு. மூலையில்தான் அட்டையும் அதிகம் மிச்சம் இருக்கிறது. தட்டு 75 மி.மீ. சதுரம், நடு ஓட்டை 66 மி.மீ. வட்டம். இதில் விளிம்பே தாராளமாகப் போய்விடும். மூலைகளிலிருந்து மட்டும் நாக்குகள் வட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரெதிர் நாக்குகளின் நுனிக்கு நுனி 62.5 மி.மீ. கப்பின் உடல் 61, விளிம்பு 65 என்பதால் ஒவ்வொரு நாக்கும் விளிம்பை 1.25 மி.மீ. பிடிக்கிறது. இதைப் பிடி என்று வைத்துக்கொள்வோம்.

இனி நாக்கின் நீளம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான்கு டம்மி வீணான பிறகு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். கப்பை இழுக்கும்போது நாக்கு கீழே வளைகிறது. வளைய வளைய அதன் நுனி கொஞ்சம் பின்வாங்குகிறது. பிடி அளவு, அதாவது 1.25 மி.மீ. பின்வாங்கியதும் விளிம்பு நழுவி வெளியே வருகிறது. அதற்குள் நாக்கின் நுனி எவ்வளவு கீழே இறங்கியிருக்கும்? நாக்கின் நீளத்தைப் பிடியால் பெருக்குங்கள், வந்ததை இரண்டால் பெருக்குங்கள், அதன் வர்க்கமூலம் எடுங்கள். 14 மி.மீ. நாக்குக்கு 14 × 1.25 × 2 = 35, வர்க்கமூலம் 5.9 மி.மீ. நாக்கு 5.9 மி.மீ. இறங்கியதும் முதல் கப் விடுபடுகிறது. அந்த நேரத்தில் அடுத்த கப்பின் விளிம்பு 7 மி.மீ. மேலே இருப்பதால் இன்னும் தட்டு மட்டத்துக்கு வந்து சேரவில்லை. நாக்கு மேலே துள்ளி அதைப் பிடித்துக்கொள்கிறது.

நாக்கை 20 மி.மீ. ஆக்கினால் கணக்கு 7.1 வருகிறது. முதல் கப் விடுபடும்போதே இரண்டாவது விளிம்பும் தட்டுக்கு வந்துவிடும். இரண்டு கப் விழும். என் நான்காவது டம்மி சரியாக இதைத்தான் செய்தது. நாக்கு நீளமாக இருந்தால் மிருதுவாக வரும் என்று நினைத்து நீட்டியிருந்தேன். ஆகவே விதி இது: நாக்கு இறங்கும் தூரம் அடுக்கு இடைவெளியை விடக் குறைந்தது 1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையாக, 8 மி.மீ. என்று வைத்தால் விறைப்பு அதிகமாகி, இழுக்கிறவர் பலமாக இழுக்க, கப்பின் விளிம்பு நசுங்கும். 12-க்கும் 14-க்கும் நடுவில் நில்லுங்கள். அட்டை அசல் வாழ்க்கையில் கீல் மாதிரி ஒரே இடத்தில் மடங்காது, நீளம் முழுக்க வளையும், அதனால் இந்தக் கணக்கு தோராயம்தான். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிடும்.

நாக்கின் அகலம் நுனியில் 12. நுனியைக் கப்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து வெட்டுங்கள், நேர்க்கோடாக விட்டால் இரண்டு முனையும் குத்தும். நாக்கின் இரு பக்க வெட்டும் முடியும் இடத்தில் 2 மி.மீ. வட்டத் துளை (பஞ்ச்) போடுங்கள். இல்லாவிட்டால் இருபதாவது இழுப்பில் அங்கே கிழிய ஆரம்பிக்கும். நாக்கின் அடியில் கிரீஸ், அதாவது அழுத்திய மடிப்புக்கோடு, போடாதீர்கள். கிரீஸ் போட்டால் அது கீலாகிவிடும், துள்ளல் போய்விடும்.

தட்டை நிறுத்தும் கால்கள்

தட்டின் இடது வலது ஓரங்களிலிருந்து 60 மி.மீ. கால்கள் கீழே மடங்கும். முன் பின் ஓரங்களில் 12 மி.மீ. மடிப்பு, தட்டு வளையாமல் இருக்க. கால்கள் பெட்டியின் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும். இதைப் பசை போட்டு ஒட்டலாம், ஆனால் கப் தயாரிக்கும் இடத்தில் பெட்டியில் நிரப்புவது பெரும்பாலும் இரண்டு பெண்கள், ஒரு மேஜை, அவ்வளவுதான். அவர்கள் கையில் பசையைக் கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும், கப்பிலும் படும். அதனால் கொக்கி வைத்தேன். ஒவ்வொரு காலிலும் 18 மி.மீ. அகலத்தில் இரண்டு கொக்கி, மூன்று பக்கம் வெட்டி மேல்பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். சுதந்திரமான முனை கீழே பார்க்கும். பெட்டியின் சுவரில் அதே உயரத்தில் 20 மி.மீ. பிளவு. தட்டை அடிவழியாக உள்ளே தள்ளும்போது கொக்கி சுவரோடு படிந்து வழுக்கிக்கொண்டு போகும். பிளவு வந்ததும் 'டக்' என்று வெளியே துள்ளும். அப்புறம் கப்பை எவ்வளவு கீழே இழுத்தாலும் கொக்கியின் முனை பிளவின் கீழ் ஓரத்தில் முட்டி நிற்கும். இழுக்க இழுக்க இறுகும்.

நிரப்பும் முறை இதனால் எளிதாகிறது. பெட்டியைத் தலைகீழாக, மூடிப் பக்கம் மேஜையில் படும்படி நிறுத்துங்கள். 50 கப் அடுக்கை வாய் கீழே பார்க்க உள்ளே இறக்குங்கள். தட்டைக் கப்பின் அடிவழியாக மாட்டி, இரண்டு 'டக்' கேட்கும்வரை தள்ளுங்கள். அடி மடிப்பை மூடுங்கள். பிரஸ்ஸில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியிலேயே பேசிக்கொண்டே செய்ய ஆரம்பித்துவிட்டார். அதுவரைக்கும் நான் மாற்றிக்கொண்டே இருந்தேன், அதன் பிறகு அந்தப் பாகத்தைத் தொடவில்லை.

வெளிப்பெட்டி

உள் அகலம் 76 × 76. கப் 65 தானே, 68 போதாதா என்று கேட்பார்கள். தட்டின் நடு ஓரங்களில் ஓட்டைக்கும் மடிப்புக்கும் இடையில் கொஞ்சமாவது அட்டை மிஞ்ச வேண்டும். 76 வைத்தால் இரு பக்கமும் நாலரை மி.மீ. மிஞ்சுகிறது. கப் நடுவில் நிற்குமா என்ற கவலை வேண்டாம், தொங்கும் உடலை நாக்குகளே நடுவில் பிடித்துக்கொள்ளும்.

உயரம்: 50 கப் அடுக்கு 60 + 49 × 7 = 403. கீழே 3 இடம், மேலே 6 இடம், மொத்தம் 412. மேல் இடத்தை முதலில் 10 வைத்திருந்தேன். தலைகீழாக வந்த பெட்டியைத் திருப்பி மாட்டும்போது அடுக்கு முழுவதும் 10 மி.மீ. விழுந்து நாக்கில் இடித்தது, சில பெட்டியில் முதல் கப் தானே கழன்று தரையில் விழுந்தது. லாட் வித்தியாசத்துக்கு 5, கூட ஒன்று என்று 6-ல் நிறுத்தினேன்.

அடி மடிப்பைச் சுற்றிலும் பெர்ஃபரேஷன், அதாவது கிழிப்பதற்கான விட்டுவிட்டு வெட்டிய கோடு, 3 மி.மீ. வெட்டு 1 மி.மீ. பாலம். முன்பக்கச் சுவரின் கீழ் 40 மி.மீ. பாகமும் அந்தக் கோட்டோடு சேர்ந்து கிழிந்து வர வேண்டும், அப்போதுதான் கப்பின் அடியைப் பிடிக்க மூன்று விரலுக்கு இடம் கிடைக்கும். பின்சுவரை மேலே 35 மி.மீ. நீட்டி, இரண்டாக மடித்து ஒட்டி, அதில் ஆணி ஓட்டை போடுங்கள். மூடியில் ஓட்டை போட்டால் தூசி போகும் என்று மேலே சொன்னேன். இழுக்கிற பலம் எல்லாம் அந்த ஓட்டையில்தான் வரும், ஒற்றை அட்டையாக விட்டால் ஆணி கிழித்துக்கொண்டு மேலே ஏறும்.

மிச்சம் எவ்வளவு என்று தெரிய ஜன்னல் கேட்பார்கள். நீளமான ஜன்னல் வைத்தால் சுவர் பலவீனமாகும், தூசியும் போகும். தட்டுக்கு மேலே பத்தாவது கப் நிற்கும் உயரத்தில் 6 மி.மீ. அகலப் பிளவு ஒன்று போதும். அதில் வெள்ளை தெரியாவிட்டால் அடுத்த பெட்டி எடுக்க வேண்டிய நேரம்.

அட்டையும் மையும்

350 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்), அரை மி.மீ. தடிமன். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சாம்பலாக இருக்கும் டூப்ளக்ஸ் அட்டை விலை குறைவு, எல்லாரும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதன் முதுகு பழைய காகிதத்திலிருந்து வருவது. கப்பின் விளிம்பு அதில் உரசிக்கொண்டே இருக்கும், மெல்லிய சாம்பல் நிறப் பஞ்சு விளிம்பில் ஒட்டும். வெள்ளைக் கப்பில் விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. உதடு படும் இடம் அது. இரு பக்கமும் வெள்ளையான புதுக் கூழ் அட்டை கேளுங்கள். வெளிப்பெட்டிக்கு முடியாது என்று வாடிக்கையாளர் விலை பேசினால், குறைந்தபட்சம் கழுத்துத் தட்டுக்காவது அதைப் போடச் சொல்லிப் பேசுங்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

நார்ப்போக்கு வெளிப்பெட்டியில் குறுக்காக, பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். உயரமான பெட்டியில் இழை மேலும் கீழுமாக ஓடினால் சுவர் தொப்பை போடும். மை, உணவுப் பொதிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15495-க்கு உட்பட்டதாக இருக்கட்டும். உள்பக்கம் எதுவும் அச்சிடாதீர்கள். வெளியே லேமினேஷன் வேண்டாம், தண்ணீர் சார்ந்த வார்னிஷ் போதும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பெட்டியைப் பழைய பேப்பர்காரர் தனியாக ஒதுக்கிவிடுவார்.

டை போடுவதற்கு முன் சோதனை

கோரல்டிராவில் (கணினியில் வரையும் மென்பொருள்) வரைந்து, பிளாட்டர் இயந்திரத்தில் வெட்டி, ஒரே வரைவில் குறைந்தது பத்து டம்மி செய்யுங்கள். ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிடியின் பலத்தை அளக்கத் தராசு வேண்டியதில்லை. 50 கப் நிரம்பிய பெட்டியில், கீழ்க் கப்பின் அடியில் நூல் ஒட்டி ஒரு காலி பாட்டிலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 100 மில்லி தண்ணீர் 100 கிராம். கப் கழலும்போது பாட்டிலின் எடையும் தண்ணீரும் சேர்ந்து எனக்கு 280 கிராம் அளவில் வந்தது. மேலே 50 கப்பின் எடை 120 கிராம் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 400. கடைசி ஒரே கப்புக்கு அந்த 400-ஐயும் கை கொடுக்க வேண்டும். அம்மாவின் கையால் இழுக்கச் சொல்லிப் பார்த்தேன், சிரமம் இல்லை என்றார். அதற்கு மேல் போக வேண்டாம். 300-க்குக் கீழே வந்தால் சுவரில் யாராவது இடித்தாலே கப் விழும்.

கப்பையும் சோதிக்க வேண்டும். அடுக்கை வாய் மேலே பார்க்கப் பிடித்து, கீழிருந்து இரண்டாவது கப்பை விளிம்பில் தாங்கிக்கொண்டு மெதுவாக உதறுங்கள். கீழ்க் கப் தானே விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டால் பெட்டியில் எந்த மாற்றம் செய்தும் பயன் இல்லை, கப் எங்கேயோ அழுத்திக் கட்டப்பட்டிருக்கிறது. தயாரிப்பவரிடம் சொல்லி அங்கேயே சரி செய்ய வேண்டும்.

அப்புறம் ஈரம். சிவகாசியின் காய்ந்த காற்றில் அட்டை விறைப்பாக இருக்கும், அச்சுத் தொழிலும் தீப்பெட்டியும் இங்கே வளர்ந்ததற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். இங்கே நன்றாக வேலை செய்த டம்மி மழைக்காலப் பெங்களூரில் தளர்ந்துபோனது. தேநீர்க் கெட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். இப்போது டம்மியை ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் ஒரு இரவு வைத்துவிட்டு எடுத்து மறுபடியும் தண்ணீர்ச் சோதனை செய்கிறேன். 300 கிராமாவது தாங்கினால்தான் டைக்கு அனுப்புகிறேன். தாங்காவிட்டால் பிடியை 1.5 மி.மீ. ஆக்கி, நாக்கை 12-க்குக் குறைத்து, கணக்கைத் திரும்பப் போடுகிறேன்: 12 × 1.5 × 2 = 36, வர்க்கமூலம் 6. ஏழுக்கு ஒன்று குறைவு, சரி.

கடைசியாக, டம்மியை நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில் ஒரு வாரம் மாட்டி, பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் கட்டுங்கள். இரண்டு கப் விழுந்தால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் பிரஸ்ஸில் மாட்டிய ஏழாவது டம்மியில் ஆறு பெட்டி, 300 கப் தீர்ந்தபோது இரண்டு கோடு இருந்தது. இரண்டும் ஒரே பெட்டியில்.

டையும் லாரியில் ஏற்றுவதும்

18 மி.மீ. பிளைவுட், 23.8 மி.மீ. உயரக் கட்டிங் ரூல் (வெட்டும் தகடு), அரை மி.மீ. அட்டைக்கு 23.3 கிரீசிங் ரூல் (மடிப்புக்கோடு பதிக்கும் தகடு), அந்தக் கோடு அழுந்தும் சேனலின் அகலம் 1.5 மி.மீ. இது எந்த டைக்காரருக்கும் தெரிந்ததுதான். அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று: நாக்கின் நுனியில் நிக், அதாவது வெட்டாமல் விடும் சின்னப் பாலம், வைக்கக் கூடாது. கழிவைப் பிடித்து நிறுத்த எங்கே வசதியோ அங்கே நிக் வைப்பது வழக்கம். நாக்கின் நுனியில் வைத்தால் பிரிக்கும்போது சின்ன முள் மிஞ்சும், அது கப்பின் உடலைக் கீறும். நாக்கின் இரு பக்கமும் கடினமான ரப்பர் ஒட்டினால் நிக் இல்லாமலே வெட்டு சுத்தமாக வரும். கழுத்துத் தட்டைத் தனி டை போடாதீர்கள், வெளிப்பெட்டியின் விரிப்பில் ஒட்டுப்பட்டைக்குப் பக்கத்தில் மிஞ்சும் அட்டையில் அது உட்கார்ந்துவிடும்.

லாரியில் பெட்டி தலைகீழாகவே போக வேண்டும், கிழிக்கும் பக்கம் மேலே. அப்போது அடுக்கின் எடை மூடியில் இருக்கும், நாக்குகள் ஓய்வாக இருக்கும். நேராக அனுப்பினால் பெங்களூர் போய்ச் சேரும் வரை ஒவ்வொரு குலுங்கலிலும் 120 கிராம் நாக்கில் இடிக்கும், மாட்டும் முன்பே பாதித் துள்ளல் போயிருக்கும். வெளிப்பெட்டியில் எழுத்தை நேராக அச்சிட்டால் ஏற்றுகிறவர் எழுத்தைப் பார்த்து நேராகத்தான் அடுக்குவார். அதனால் பெரிய கார்ட்டனில் அம்புக்குறியைக் கிழிக்கும் பக்கம் பார்க்க வையுங்கள். சின்னப் பெட்டியின் பக்கச் சுவரில் எழுத்தில்லாமல் மூன்று படம்: கிழிக்கும் கை, திருப்பும் பெட்டி, ஆணியில் தொங்கும் பெட்டியின் அடியில் கப்பைப் பிடித்திருக்கும் மூன்று விரல். மூன்றாவது படத்தில் விரல்கள் கப்பின் அடியில்தான் இருக்க வேண்டும். முதல் அச்சில் ஆர்ட்டிஸ்ட் அதை விளிம்புக்குப் பக்கத்தில் வரைந்திருந்தார், பிளேட்டை நிறுத்தி மாற்றினோம்.